மதுரைக் கடைத்தெருவில் ஓர் அந்நியன்

தெமட்டகொடையில் என் வீட்டுக்கு வெளியூரிலிருந்து யார் வந்தாலும், மறுநாள் காலையில் கேட்பது ஒன்றுதான்: "புறக்கோட்டைக்கு எப்ப போகலாம்?" மெயின் வீதியில் துணிமணி, நான்காம் குறுக்குத் தெருவில் அரிசி, வெங்காயம், செத்தல் மிளகாய், செட்டியார் தெருவில் தங்கம் என்று அங்கே தெருவுக்கொரு சரக்கு. அந்தத் தெருக்களில் நடக்கும்போதெல்லாம் எனக்குச் சிலப்பதிகாரத்தின் ஊர்காண் காதை நினைவுக்கு வரும்.

புகாரிலிருந்து வந்த கோவலன் மதுரையைச் சுற்றிப் பார்ப்பதே அந்தக் காதை. நவமணிகளின் குணமும் குற்றமும் அறிந்தவர்கள் இருக்கும் இரத்தினக் கடைத்தெரு, நூலாலும் மயிராலும் பட்டாலும் நெய்த ஆடைகள் அடுக்கிய அறுவை வீதி, துலாக்கோலும் பறையும் அம்பணமும் கொண்டு அளப்போர் திரியும் கூல வீதி என்று ஒவ்வொன்றாகக் காட்டுகிறார் இளங்கோ. பொற்கடை வீதியில் ஒரு சிறப்பான ஏற்பாடு. சாதரூபம், கிளிச்சிறை, ஆடகம், சாம்பூநதம் எனப் பொன் நால்வகை. வாங்க வருவோர் மயங்காதிருக்க, இன்ன பொன் இங்கே உண்டு என்று கொடி உயர்த்தியிருக்கிறார்கள். ஊருக்குப் புதியவன் ஏமாறக்கூடாது என்ற அக்கறையின் அடையாளம் அந்தக் கொடி.

அத்தகைய நகரத்திலேதான் ஊருக்குப் புதியவன் ஒருவன் ஒற்றைச் சிலம்பை விற்கப்போய் உயிரிழந்தான். ஏன்?

ஊழ்வினை, பொற்கொல்லன் வஞ்சம், பாண்டியன் ஆராயாமை என்று பட்டிமண்டபங்களில் விடை சொல்வோம். அவை சரியே. ஆனால் காப்பியத்தில் இன்னொரு சிறு செய்தியும் உண்டு. நகருக்குள் போகுமுன் கோவலன் கவுந்தியடிகளிடம், இவ்வூர் வணிகர்க்கு என் நிலையை உணர்த்தி வருகிறேன் என்றே சொல்லிச் செல்கிறான். போனவன் கடைவீதியெல்லாம் கண்டு மகிழ்ந்து திரும்புகிறான். எந்த வணிகரையும் சந்தித்ததாக இளங்கோ சொல்லவில்லை. பின்னர் அடைக்கலக் காதையில், நகரத்து வணிகர் உன்னை ஏற்றுக்கொள்வார்கள், பொழுது சாயுமுன் நகருக்குள் போ என்று கவுந்தியடிகளே சொல்கிறார். ஆனால் கண்ணகி இடைக்குல மடந்தை மாதரியிடம் அடைக்கலமாகிறாள். கோவலனோ அடுத்து, தன்னந்தனியே சிலம்போடு வீதிக்குப் போகிறான்.

பெருஞ்செல்வத்தைத் தொலைத்துவிட்டு வந்தவனுக்குத் தன் இனத்தார் முகத்தில் விழிக்க நாணமாக இருந்திருக்கும் என்பது என் எண்ணம்.

2022 ஆம் ஆண்டு, நாடு பொருளாதார நெருக்கடியில் தவித்த நாட்களில், வன்னியிலிருந்து என் சின்னம்மா வந்தார். மூன்று நாள் ஒன்றும் சொல்லவில்லை. நாலாம் நாள், "தம்பி, செட்டியார் தெருவுக்கு எந்த பஸ்ஸிலை போறது?" என்றார். கைக்குட்டை முடிச்சில் ஒரு சங்கிலி. கூடவே போனேன். கடைக்காரர் உரைகல்லில் தேய்த்தார், நிறுத்தார். பிறகு ரசீது கேட்டார். "2009 இலை இடம்பெயரேக்கை எல்லாம் போட்டுது ஐயா" என்றார் சின்னம்மா. கடைக்காரர் அடையாள அட்டையை வாங்கிப் பார்த்தார். பின் என்னை நோக்கி, "இவங்க உங்களுக்கு யார், சேர்?" என்றார். "என் சின்னம்மா" என்றேன். அதன்பிறகே அன்றைய பவுண் விலையைச் சொன்னார்.

அவர்மேல் எனக்குக் குறையில்லை. பொன்னின் தரத்தை உரைகல் சொல்லிவிடும். ஆளின் தரத்தைச் சொல்ல இன்னொரு ஆள் வேண்டும். கோவலனைக் கண்ட காவலரிலேயே சிலர், இவன் கொலைக்குரியவன் அல்லன் என்று தயங்கினார்கள். ஆனால் "இவன் எங்கள் ஊர் மாசாத்துவான் மகன்" என்று சொல்ல அங்கே ஒருவர் இல்லை. பொன்னுக்குக் கொடி கட்டிய நகரத்தில் அவனுக்காக ஒரு வாய்ச்சொல் எழவில்லை.

நேயர்களே, வெளியூரிலிருந்து வந்த உறவினர் நகைக் கடைக்கு வழி கேட்டால், பஸ் இலக்கத்தை மட்டும் சொல்லி அனுப்பாதீர்கள். கூட வா என்று கேட்க அவர்கள் கூசுவார்கள். நாமே எழுந்து செருப்பை மாட்டிக்கொள்ள வேண்டும்.