இலவசமாக வந்த கால்பந்து



வீட்டுக்கு வீடு டெலிபோன் இணைப்புக் கொடுக்கிற கம்பெனி, கால்பந்து ஆட்டங்களை எதற்காக விலைக்கு வாங்க வேண்டும்? 2012 ஜூன் மாதம் பிரிட்டனில் இந்தக் கேள்வி எழுந்தது. பிரீமியர் லீக் கால்பந்தின் ஒளிபரப்பு உரிமை அப்போது ஏலத்துக்கு வந்தது. பி.டி. என்று அங்கே எல்லோரும் சுருக்கிச் சொல்கிற பிரிட்டிஷ் டெலிகாம், சீசனுக்கு 38 ஆட்டங்கள் வீதம் மூன்று சீசன்களுக்கான உரிமையை 73 கோடியே 80 லட்சம் பவுண்டுக்கு எடுத்தது. அன்றைக்கு அதன் கையில் ஒரு விளையாட்டுச் சேனல்கூட இல்லை. ஆட்டத்தை முதலில் வாங்கினார்கள். அதைக் காட்டுவதற்கான சேனலைப் பிறகுதான் தொடங்கினார்கள்.

காரணம் மைதானத்தில் இல்லை, கம்பியில் இருக்கிறது. நம் நாட்டில் தபால் தந்தித் துறை டெலிபோனையும் பார்த்துக்கொண்டது போல, பிரிட்டனிலும் ஒரு காலத்தில் தபால் இலாகாதான் டெலிபோனையும் நடத்தியது. அதிலிருந்து பிரிந்து வந்த பி.டி. 1984இல் தனியார்மயமானது. நாடு முழுக்க வீடுகளுக்குப் போகிற செம்புக் கம்பியில் பெரும்பகுதி அதனிடம் இருந்தது. ஒரே ஆள் கையில் எல்லாம் இருக்கக் கூடாது என்று ஒழுங்குமுறை ஆணையமான ஆஃப்காம் நெருக்கியதால், 2006இல் ஓப்பன்ரீச் என்று தனிப் பிரிவு வைத்துக் கம்பியைப் பராமரிக்கும் வேலையை அதனிடம் விட்டார்கள். எந்தக் கம்பெனியும் வாடகை கொடுத்து அந்தக் கம்பி வழியாக பிராட்பேண்ட் விற்கலாம் என்று ஆனது.

அப்படி விற்க வந்தவர்களில் ஸ்கை முக்கியமானது. கூரையில் டிஷ் வைத்து டிவி கொடுக்கிற கம்பெனி அது. 1992இல் பிரீமியர் லீக் தொடங்கியதிலிருந்தே கால்பந்தை வைத்து வளர்ந்தது. 2005இல் ஈஸிநெட் என்ற இணையக் கம்பெனியை வாங்கி, அடுத்த வருஷமே பிராட்பேண்ட் விற்பனையில் இறங்கியது. டிவி, டெலிபோன், இணையம் மூன்றுக்கும் சேர்த்து ஒரே பில். ஆட்டத்துக்காக டிஷ் வைத்த வீட்டில் இணையமும் ஸ்கைக்கு மாறியது. பி.டி.யின் வாடிக்கையாளர் பி.டி.யின் கம்பி வழியாகவே எதிராளியிடம் போனார். பி.டி.க்கு மிஞ்சியது வாடகை மட்டும்.

ஆட்டத்தைக் காட்டி ஸ்கை இழுக்கிறதென்றால், ஆட்டத்தைக் காட்டியே நிறுத்திவைப்போம் என்று பி.டி. கணக்குப் போட்டது. சினிமாவை நாளைக்குப் பார்க்கலாம், சீரியலைப் பதிவு செய்து வைத்துக்கொள்ளலாம். முடிவு தெரிந்துவிட்ட ஆட்டத்தை மறுநாள் பார்க்க எத்தனை பேர் உட்காருவார்கள்? அந்த நேரத்தில் பார்த்தே ஆகவேண்டிய சரக்கு டிவியில் விளையாட்டு ஒன்றுதான்.

2013 ஆகஸ்ட் 1ஆம் தேதி பி.டி. ஸ்போர்ட் ஒளிபரப்பு தொடங்கியது. பிரிட்டனில் இருந்த ஈ.எஸ்.பி.என். சேனலையும் அதற்குள் வாங்கியிருந்தார்கள். கிழக்கு லண்டனில், முந்தின வருஷம் ஒலிம்பிக் போட்டிகளுக்காகக் கட்டிய ஒளிபரப்பு மையத்தில் ஸ்டூடியோ அமைத்தார்கள். அந்த ஸ்டூடியோவின் தரை கண்ணாடி. அடியில் எல்.இ.டி. விளக்குகள். கால்பந்து பேசும்போது கால்பந்து மைதானத்தின் கோடுகள் தரையில் ஒளிரும். டென்னிஸ் பேச்சு வந்தால் அதே தரையில் டென்னிஸ் கோடுகள்.

ஆகஸ்ட் 17, சனிக்கிழமை, லிவர்பூலுக்கும் ஸ்டோக் சிட்டிக்கும் ஆட்டம். பிரீமியர் லீக்கில் பி.டி. நேரலையாகக் காட்டிய முதல் ஆட்டம் அதுதான். அங்கே பகல் 12.45, நமக்கு மாலை 5.15. சனிக்கிழமை பிற்பகல் மூன்று மணி ஆட்டங்களை பிரிட்டனுக்குள் நேரலையாகக் காட்டக் கூடாது என்பது பழைய விதி. சின்னச் சின்ன கிளப்புகளின் மைதானங்கள் காலியாகிவிடக் கூடாது என்பதற்காக வைத்தது. அதனால்தான் டிவிக்கான ஆட்டத்தை மதியத்துக்கு முன்தள்ளுகிறார்கள். லிவர்பூல் 1-0 என்று முன்னணியில் இருக்கிறது. 89ஆவது நிமிஷம் ஸ்டோக்குக்கு பெனால்டி. லிவர்பூலுக்குப் புதிதாக வந்த கோல்கீப்பர் மிக்னோலே அதைப் பாய்ந்து தட்டிவிட்டார். புதுச் சேனலுக்கு இதைவிட நல்ல தொடக்கம் யாரும் எழுதிக் கொடுத்திருக்க முடியாது.

பி.டி. பிராட்பேண்ட் வைத்திருந்த வீடுகளுக்கு இந்தச் சேனல் இலவசம். பி.டி. இணையம் இல்லாமல் ஸ்கை டிஷ் வழியாகப் பார்ப்பவர்கள் மாதம் 12 பவுண்டு கட்ட வேண்டும். விற்க நினைத்தது சேனலை அல்ல, பிராட்பேண்டை என்பது இந்த விலைப்பட்டியலைப் பார்த்தாலே தெரியும்.

இங்கேதான் ஒரு விசித்திரம். பிரீமியர் லீக் ஆட்டங்கள் முழுவதையும் ஒரே சேனல் வாங்கக் கூடாது என்று ஐரோப்பிய ஆணையம் ஏற்கெனவே ஏற்பாடு செய்திருந்தது. போட்டி வந்தால் மக்களுக்கு நல்லது என்ற எண்ணம்தான். கத்தரிக்காய் இந்தக் கடையில் விலை அதிகம் என்றால் பக்கத்துக் கடையில் வாங்கலாம். லிவர்பூல் ஆட்டத்தை அப்படி வாங்க முடியாது. ஒரு ஆட்டம் ஒரு சேனலில்தான் வரும். இரண்டு பேர் ஏலம் கேட்டதால் ரசிகருக்கு விலை இறங்கவில்லை. எல்லா ஆட்டங்களையும் பார்க்க நினைத்தவர் ஒன்றுக்கு இரண்டாகச் சந்தா கட்ட வேண்டியதாயிற்று.

லீக்குக்கோ யோகம். 2010இல் தொடங்கிய மூன்று சீசன்களுக்கு பிரிட்டனில் கிடைத்த ஒளிபரப்புப் பணம் சுமார் 177 கோடி பவுண்டு. பி.டி. வந்த ஏலத்தில் அது 302 கோடி. 2015 ஏலத்தில் 513 கோடியைத் தாண்டியது. கணக்குப் பார்த்தால் ஒரு ஆட்டத்துக்கு ஒரு கோடி பவுண்டுக்கு மேல். கிளப்புகளுக்குப் போன இந்தப் பணத்தில் பெரும்பங்கு ஆட்டக்காரர்களின் சம்பளமாக மாறியது.

இதற்கு நடுவே, 2013 நவம்பரில், ஐரோப்பாவின் சாம்பியன்ஸ் லீக், யூரோப்பா லீக் இரண்டையும் 89 கோடியே 70 லட்சம் பவுண்டுக்கு பி.டி. மொத்தமாக எடுத்தது. ஸ்கையின் பங்கு விலை ஒரே நாளில் பத்து சதவீதத்துக்கு மேல் சரிந்தது. அதுவரை சாம்பியன்ஸ் லீக் ஆட்டங்களில் சில, ஐ.டி.வி. என்ற கட்டணமில்லா சேனலில் வந்துகொண்டிருந்தன. 2015 முதல் அது நின்றது. அதே சமயத்தில் இலவசமும் கரையத் தொடங்கியது. பி.டி.யின் டிவி இணைப்பு இல்லாமல் பிராட்பேண்ட் மட்டும் வைத்திருந்தவர்களிடம் மாதம் 5 பவுண்டு கேட்டார்கள்.

2017 டிசம்பரில் இரண்டு கம்பெனிகளும் சமாதானத்துக்கு வந்து, ஒருவர் சேனலை மற்றவர் விற்க ஒப்புக்கொண்டன. அடுத்த ஆண்டு ஏலத்தில் விலையும் இறங்கியது. செம்புக் கம்பியை எடுத்துவிட்டு வீடு வீடாக ஃபைபர் போடுகிற பெரிய செலவு பி.டி.க்கு முன்னால் நின்றது. அதற்கும் பணம் வேண்டும் என்று 2020இல் பங்குதாரர்களுக்கு டிவிடெண்டைக்கூட நிறுத்திவைத்தது. 2022இல் சேனலை அமெரிக்க ஊடக நிறுவனமான வார்னர் பிரதர்ஸ் டிஸ்கவரியோடு சேர்ந்த கூட்டு நிறுவனமாக்கியது. 2023 ஜூலையில் பெயரும் மாறி, டி.என்.டி. ஸ்போர்ட்ஸ் ஆயிற்று. பத்து வருஷத்தில் பெயர்ப்பலகை இறங்கிவிட்டது.

இதே கணக்கை வேறு ஊர்களிலும் போட்டிருக்கிறார்கள். 2009இல் சிங்கப்பூரில் தொலைபேசிக் கம்பெனியான சிங்டெல், கேபிள் டிவி நடத்திய ஸ்டார்ஹப்பை முந்திப் பிரீமியர் லீக்கை எடுத்தது. ஆட்டத்துக்காக வீட்டில் இன்னொரு பெட்டி வைப்பதா என்று ரசிகர்கள் நொந்துபோனார்கள். ஒருவர் தனியுரிமையாக வாங்கியதை மற்றவர் இணைப்பிலும் கிடைக்கச் செய்ய வேண்டும் என்று அரசு மறு வருஷமே விதி கொண்டுவந்தது. நம் நாட்டில் 2023 ஐ.பி.எல். தொடரை, ரிலையன்ஸ் குழுமத்தின் ஜியோசினிமாவில் காசில்லாமல் பார்த்தோம். 2025இல் அது ஹாட்ஸ்டாரோடு சேர்ந்து ஜியோஹாட்ஸ்டார் ஆன பிறகு, தொடரை முழுதாகப் பார்க்கச் சந்தாவோ, குறிப்பிட்ட ரீசார்ஜோ தேவைப்பட்டது.

தொலைபேசிக் கம்பெனிக்கு ஆட்டம் ஒரு தூண்டில். மீன் வேறு காரணத்துக்காக வரத் தொடங்கினால் தூண்டிலுக்கு வேலை இல்லை. ஆனால் ஏலத்தில் ஏறின விலை அவ்வளவு சுலபமாக இறங்குவதில்லை. 2025இல் தொடங்கிய நான்கு சீசன்களுக்கு, ஸ்கையும் டி.என்.டி.யும் நேரலையாகக் காட்டுவது உட்பட, பிரிட்டனின் ஒளிபரப்பு உரிமை மொத்தம் 670 கோடி பவுண்டு. பிரிட்டிஷ் ரசிகர் இன்றைக்கும் இரண்டு சந்தா கட்டுகிறார். அடுத்த முறை ரீசார்ஜோடு ஆட்டம் இலவசம் என்று விளம்பரம் வந்தால் தாராளமாகப் பாருங்கள். எத்தனை சீசனுக்கு இலவசம் என்பதையும் கேட்டு வைத்துக்கொள்ளுங்கள்.