கண்ணில் விழும் பூ

(சங்கத்தின் ஆண்டுக் கூட்டத்தில் நிகழ்த்திய பேச்சு)



கண்ணப்ப நாயனாரின் வரலாற்றை அறியாதார் இச்சபையில் இரார். ஆனால் அதில் ஒரு சிறு செய்தியை நாம் பெரும்பாலும் மறந்துவிடுகிறோம். இறைவனின் கண்ணில் உதிரம் பெருகக் கண்டதும் திண்ணனார் உடனே தம் கண்ணை இடக்கவில்லை. முதலிற் காட்டிலே பச்சிலை தேடிக் கொணர்ந்து பிழிந்தார். அது பலிக்கவில்லை. இந்தப் பச்சிலைப் பகுதியைப் பற்றித்தான் இன்று நான் அதிகம் பேசப்போகிறேன்.

கண்ணின் முன்புறத்தே, கடிகாரத்தின் கண்ணாடி போல, ஒரு தெளிந்த படலம் உண்டு. விழிவெண்படலம் என்று பாடப் புத்தகங்கள் கூறும். ஏறக்குறைய 12 மில்லிமீற்றர் அகலம். நடுவிலே அரை மில்லிமீற்றர் தடிப்பு. கண்ணுட் புகும் ஒளியை வளைத்துக் குவிக்கும் வேலையில் மூன்றில் இரண்டு பங்கு இதனுடையது. இரத்தக் குழாய் ஒன்றும் இதில் இல்லை. வேண்டிய ஒட்சிசனைப் பெரும்பாலும் காற்றிலிருந்தே பெறுகிறது. அதனாலேயே தெளிவாய் இருக்கிறது. இதில் ஆழமான புண் உண்டாகி ஆறினால் வெண்தழும்பு நிற்கும். அதையே நம்மவர் ‘பூ விழுந்தது’ என்பர். பெயர் அழகானது, வந்தவனுக்கோ உலகம் மூடுபனி.

அருவி வெட்டுக் காலத்தில் இது எப்படி நேருகிறது என்று பாருங்கள். நெல்லின் கூரோ உமியோ கண்ணிற் பட்டுக் கீறிவிடுகிறது. மேற்றோல் மாத்திரம் உரிந்திருந்தால் ஓரிரு நாளில் தானே ஆறிவிடும். ஆனால் கீறல் வழியே பற்றீரியாவோ பங்கசோ நுழைந்தால் புண்ணாகிறது. அப்போது ஒருவர் தாய்ப்பால் விடச் சொல்வார். மற்றொருவர் இலைச்சாறு பிழிவார். சுத்தமற்ற சாறு புதிய கிருமிகளையும் உள்ளே கொண்டுபோகும். வேறு சிலர், முன்பு யாருக்கோ கொடுத்த சொட்டு மருந்தை எடுத்து விடுவர். அது ஸ்ரெரோயிட் கலந்த மருந்தாயின் சிவப்புக் குறையும், நோவும் தணியும். நோயாளி சுகமென்று மகிழ்ந்திருக்க, உள்ளே பங்கசு தடையின்றி வளரும். இலைச்சாற்றிலும் இதற்கே நான் அதிகம் அஞ்சுகிறேன். ஏனெனில் இது வைத்தியத்தின் வேடத்தில் வருகிறது.

வைத்தியர் செய்வது என்ன? புளோரெசீன் என்ற சாயத்தைக் கண்ணில் இட்டு நீல ஒளியிற் பார்ப்பார். மேற்றோல் போன இடம் பச்சையாய் ஒளிரும். கிளைவிட்ட மரம்போலத் தோன்றினால் ஹேர்பிஸ் வைரசு என்று ஐயுறுவார். அதற்கு அசைக்ளோவிர் உண்டு. புண்ணின் விளிம்பு இறகுபோலப் பிரிந்திருந்தால் பங்கசு நினைவுக்கு வரும். ஆயினும் கண்ணால் கண்டது மாத்திரம் போதாது. புண்ணை மெல்லச் சுரண்டி நுணுக்குக்காட்டியிற் பார்க்கவும், கிருமியை வளர்த்து அறியவும் வேண்டும். பங்கசாயின் நற்றாமைசின் சொட்டு மருந்தை முதலில் மணிக்கொரு தரம், பின்னர் வாரக்கணக்கில் விடவேண்டும். பொறுமை வேண்டிய சிகிச்சை.

காலந்தாழ்த்தாமையின் பயனுக்கு நேபாளத்துப் பக்தபூர் சான்று. 2001ஆம் ஆண்டில் வெளியான ஆராய்ச்சி அது. கண்ணிற் கீறல் பட்ட கிராமத்தவருக்குத் தொண்டர்களே குளோராம்பெனிக்கோல் களிம்பை 3 நாட்களுக்குக் கொடுத்தனர். காயம் பட்டு 18 மணித்தியாலத்துள் சிகிச்சை தொடங்கியவருள் ஒருவருக்கேனும் புண் உண்டாகவில்லை. பிந்தி வந்தோருட் சிலருக்கு உண்டாயிற்று.

வெற்றிலைச் சுண்ணாம்பு வேறு கதை. சிறுவர் விளையாட்டாகப் பொதியை நசுக்க, அது கண்ணுள் தெறிக்கும். சுண்ணாம்பு அமிலத்திலும் கொடியது; கொழுப்பைக் கரைத்துக்கொண்டு ஆழமாய் இறங்கும். அவ்விடத்திலேயே, கிடைத்த சுத்தமான நீரால் அரைமணி நேரமேனும் இடைவிடாது கழுவவேண்டும். கழுவாமல் வாகனம் தேடி ஓடுவது தவறு. இமைக்குள் ஒளிந்த துணுக்குகளை வைத்தியர் எடுப்பார்.

பூ விழுந்த பின்னர்? பிறர் கண்ணின் படலத்தை மாற்றிப் பொருத்தலாம். 1905 டிசெம்பரில் ஒல்முட்ஸ் நகரில் எட்வார்ட் சிர்ம் என்ற வைத்தியர் முதன்முதலாக அதனை மனிதக் கண்ணில் வெற்றியுடன் செய்தார். அந்த நோயாளியும் சுண்ணாம்பினாற் பார்வை இழந்த ஒரு தொழிலாளியே! நம் நாட்டில் ஹட்சன் சில்வா 1958இல், மாணவராய் இருக்கும்போதே, கண்தானம் வேண்டிப் பத்திரிகையில் எழுதினார். 1961இல் கண்தானச் சங்கம் தோன்றிற்று. 1964இல் இங்கிருந்து கண்கள் சிங்கப்பூருக்குச் சென்றன. விழித்திரையோ நரம்போ கெட்டிருந்தால் இச்சத்திரசிகிச்சை உதவாது என்பதையும் சொல்லவேண்டும்.

கண்ணைக் கொடுத்தால் மறுபிறப்பிற் குருடாவோமோ என்று பெரியவர் சிலர் என்னைக் கேட்டதுண்டு. ஐயா, சுடலையில் அந்தக் கண்ணும் உடலோடு வேகத்தானே போகிறது? வெந்த கண்ணுக்காக அஞ்சாத நாம், கொடுத்த கண்ணுக்காக ஏன் அஞ்சவேண்டும்? நாயனார் உயிரோடிருக்கும்போதே இடந்தார். நம்மிடம் கேட்பது அத்துணைப் பெரிதன்று.

கண்ணாடி அணிந்தவரும், வெண்புரை எடுத்தவரும், நீரிழிவுள்ளவரும் கொடுக்கலாம். விசர்நாய்க்கடி, எயிட்ஸ், இரத்தப் புற்றுநோய் ஆகியவற்றால் இறந்தோரின் கண்கள் ஏற்கப்படா. உயிர் பிரிந்ததும் இமைகளை மூடி, ஈரப்பஞ்சு வைத்து, தலையைச் சற்று உயர்த்தி, மின்விசிறியை நிறுத்திவிட்டு உடனே அறிவிக்கவேண்டும். 6 மணித்தியாலத்துள் எடுப்பது நலம். முகம் விகாரப்படாது, கிரியைகளுக்குத் தடையுமில்லை. விருப்பத்தை வீட்டாரிடம் இப்பொழுதே சொல்லிவையுங்கள். அந்நேரத்தில் தீர்மானிக்க வேண்டியவர்கள் அவர்களே.