பந்தியின் நீளமும் கடனின் நீளமும்



திருமணச் செலவைத் தீர்மானிப்பது தாலியன்று, பந்தியே. நூறு பேருக்கு லைன் வீட்டு வாசலில் போடும் பந்தல் போதும். ஆயிரம் பேரென்றால் மண்டபம், சமையல் ஒப்பந்தம், தாம்பூலப் பை என ஒன்று மற்றொன்றை இழுத்து வரும். மொய் ஈடுகட்டும் என்பர். மொய்யும் திருப்பிச் செய்யவேண்டிய கடனே.

2001 பிப்ரவரி 28இல் தங்கச் சுரங்கம் மூடப்பட்டது. சம்பளம் நின்றது, பந்தி சுருங்கவில்லை. விடியுமுன் பெங்களூருக்கு ரயிலேறும் தொழிலாளியின் கூலி, மகள் திருமணக் கடனின் வட்டிக்குப் போகிறது.

இந்நிலையில் ஓடிப்போவது மலிவாகத் தோன்றும். ஆனால், செலவு மறைவதில்லை. பெண்ணின் தலைக்கு மாறுகிறது. பிறந்த வீட்டுக் கதவு அடைபட்டபின், கணவன் கைநீட்டினால் அவள் எங்கே போவாள்? சாதி கடந்த மணமெனில் உயிரே விலையாகலாம்.

தமிழ்நாட்டில் 1967ஆம் ஆண்டுத் திருத்தச் சட்டம், புரோகிதரின்றி உற்றார் நண்பர் முன்னிலையில் நடக்கும் சுயமரியாதைத் திருமணத்தை ஏற்றது. கர்நாடகத்திலுள்ள ஊரிகத்துக்கு அத்திருத்தம் பொருந்தாது. 1954ஆம் ஆண்டுச் சிறப்புத் திருமணச் சட்டமோ, அறிவிப்பை அலுவலகத்தில் ஒட்டி 30 நாள் காத்திருக்கச் சொல்கிறது. துரத்துவோருக்கு அந்த அவகாசம் போதும்.

அவ்விதி நீக்கப்பட வேண்டும். அதுவரை, சட்டம் கேட்கும் மூன்று சாட்சிகளாகச் சங்கத் தோழர்கள் முன்வரட்டும், பெற்றோரிடமும் பேசட்டும். கடன்பட்டு ஊரழைக்கவும் வேண்டாம். ஊருக்கு அஞ்சி ஓடவும் வேண்டாம். எளிய திருமணம் பகலில், பலரறிய நடக்கட்டும்!