கேனிஸ்டரைக் கழற்றலாமா?

கார் காற்றைக் கெடுக்கிறது என்றதும் புகைக்குழாய்தான் நம் நினைவுக்கு வரும். எஞ்சினை அணைத்து நிறுத்திய பெட்ரோல் காரும் காற்றைக் கெடுக்கும் என்பதை யோசிப்பதில்லை. காஞ்சிபுரத்துப் பிள்ளையார்பாளையம் போன்ற நெசவாளர் தெருக்களில் வீடுகள் நெருக்கமானவை. வாசலில் நிற்கும் காருக்கும் உள்ளே தறியில் இருப்பவருக்கும் சில அடிதான் தூரம். சித்திரை வெயிலில் டாங்கிலுள்ள பெட்ரோல் ஆவியாகிறது. அந்த ஆவியில் புற்றுநோயை உண்டாக்கும் பென்சீனும் உண்டு. அது வெளியேறாமல் பிடித்துவைக்கத்தான் கேனிஸ்டர் எனும் கரி டப்பா இருக்கிறது. கலிஃபோர்னியாவில் 1970 மாடல் கார்களிலேயே ஆவிக் கட்டுப்பாடு கட்டாயமாகிவிட்டது.

கரி சேர்த்துவைத்த ஆவியை, வண்டி ஓடும்போது பர்ஜ் வால்வு வழியாக எஞ்சின் உறிஞ்சி எரித்துவிடும். டர்போ காரில் ஒரு சிக்கல். ஆக்ஸிலரேட்டரை அழுத்தி மிதித்தால் இன்டேக் மேனிஃபோல்டில் உறிஞ்சல் போய் அழுத்தம் வந்துவிடும். அந்த அழுத்தம் டப்பா பக்கம் பாயாமல் தடுப்பது ஒருவழி வால்வு. 2000களில் இந்தியாவில் விற்பனையான 1.8 லிட்டர் ஸ்கோடா ஆக்டேவியா ஆர்எஸ் போன்ற கார்களுக்கு இப்போது வயதாகிவிட்டது. எஞ்சின் சூட்டில் பிளாஸ்டிக் வால்வும் ரப்பர் ஹோஸும் வெடித்துப்போனால் பெட்ரோல் வாடை வரும், ஐடிலிங் தடுமாறும், செக் எஞ்சின் விளக்கு எரியும். எல்லாவற்றையும் கழற்றி வீசிவிடலாம் என்ற யோசனை இந்த இடத்தில்தான் பிறக்கிறது.

இந்த அமைப்பு பவரைத் தின்கிறது என்பது கழற்றச் சொல்பவர்களின் முதல் வாதம். ஆனால் டர்போ முழு அழுத்தம் தரும்போது மேனிஃபோல்டுக்குப் போகும் வழியை ஒருவழி வால்வே மூடிவிடுகிறது. சில கார்களில் டர்போவின் உறிஞ்சு பக்கமாக வேறு வழி உண்டு என்றாலும், எவ்வளவு ஆவி போகலாம் என்பதைக் கம்ப்யூட்டர் கணக்கிட்டே விடுகிறது. கேனிஸ்டர் இல்லாமலே மாசுச் சான்றிதழ் கிடைக்கிறதே என்பது இரண்டாவது வாதம். கிடைக்கும்தான், அந்தச் சோதனை புகைக்குழாயில் வருவதை மட்டும் அளக்கிறது, டாங்கிலிருந்து கசிவது அதில் தெரியாது. ஊரில் ஒன்றிரண்டு பழைய கார்களால் என்ன ஆகிவிடும் என்பார்கள். நகரக் காற்றின் சராசரியில் அது தெரியாமல் போகலாம். பக்கத்து வீட்டுக்காரர் மூச்சுவிடுவது சராசரிக் காற்றை அல்ல, தன் வாசல் காற்றை.

ஆகவே கழற்றுவதைவிடச் சரிசெய்வதே நியாயம். ஒருவழி வால்வு காற்றை ஒரு பக்கம் மட்டும் விடுகிறதா என்று மெக்கானிக்கிடம் சோதிக்கச் சொல்லுங்கள். எத்தனால் கலந்த பெட்ரோல் பழைய ரப்பரைப் பதம் பார்க்கும் என்பதால் ஹோஸ்களையும் பார்க்கச் சொல்லுங்கள். பங்கில் பம்ப் தானாக நின்ற பிறகும் விளிம்புவரை நிரப்பாதீர்கள். பெட்ரோல் கேனிஸ்டருக்குள் இறங்கினால் கரி வீணாகும். பெரும்பாலும் பழுது ஒரு சிறு வால்வில்தான் இருக்கும். அதற்காக மொத்த அமைப்பையும் பலிகொடுக்க வேண்டியதில்லை.