நிலம் உங்களுடையது, மான் யாருடையது?

அமெரிக்காவின் ராக்கி மலைப்பகுதியில் எல்க் என்றொரு மான் உண்டு. நம் கடமானுக்கு உறவு. வளர்ந்த ஆண் 300 கிலோவைத் தாண்டும். நம் நாட்டில் 1972-ஆம் ஆண்டுச் சட்டத்துக்குப் பிறகு வேட்டை குற்றம்; அங்கே உரிமம் வாங்கி வேட்டையாடலாம். செப்டம்பரில், அடித்தொண்டையில் தொடங்கிச் சீழ்க்கையாக ஏறும் அதன் குரலைக் கேட்ட சிலருக்கு ஆசை பிறக்கும்: இங்கேயே நிலம் வாங்கிப் போட்டால் என்ன?

நல்லதுதான். பொதுக்காட்டின் நெரிசல் இல்லை. மரக்குடில் கட்டலாம், மாட்டு மேய்ச்சலுக்குக் குத்தகைக்கு விட்டுக் கொஞ்சம் வரும்படியும் பார்க்கலாம்.

ஆனால் பத்திரத்தில் மான் சேராது. நிலம் உங்கள் பெயரில் இருந்தாலும் மான் மாநிலத்தின் பொறுப்பு. உரிமம் இல்லாமல் சுட முடியாது. கொலராடோவில் நில உரிமையாளருக்கான தனிக் குலுக்கலில் சேரவே தொடர்ச்சியாக 160 ஏக்கர் விவசாய நிலம் வேண்டும். 40 ஏக்கர்காரர் மற்றவர்களோடு வரிசையில் நிற்க வேண்டியதுதான்.

மானும் ஓரிடத்தில் நிற்காது. கோடையில் மலையுச்சி, பனி கொட்டினால் பள்ளத்தாக்கு. வேலிக்கு அது கட்டுப்படாது.

அடுத்து, பாதை. வயோமிங்கில் 19-ஆம் நூற்றாண்டில் ரயில் கம்பெனிகளுக்கு ஒரு சதுர மைல் விட்டு ஒரு சதுர மைலாக நிலம் கொடுத்தார்கள். அதனால் இன்றும் அரசு நிலமும் தனியார் நிலமும் சதுரங்கக் கட்டங்கள்போலக் கிடக்கின்றன. 2021-இல் நான்கு வேட்டைக்காரர்கள் கட்டங்கள் சந்திக்கும் மூலையில் ஏணி வைத்து, தனியார் மண்ணில் கால் படாமல் ஓர் அரசுக் கட்டத்திலிருந்து அடுத்ததற்குத் தாண்டினார்கள். நில உரிமையாளர் வழக்குப் போட்டார். 2025-இல் கூட்டாட்சி மேல்முறையீட்டு நீதிமன்றம் வேட்டைக்காரர்கள் பக்கம் நின்றது. நடுவிலிருக்கும் அரசுக் காட்டையும் தன் வேலிக்குள் அடக்கிவிட்டதாக எண்ணி விலை கொடுத்தவரின் கணக்கு அன்றே தப்பியது.

உங்கள் நிலத்துக்கே சட்டப்படி வண்டிப்பாதை உண்டா? பூமிக்கடியில் உள்ள கனிமத்தின் உரிமை வேறொருவரிடம் இருக்கிறதா? வில்லங்கம் பார்ப்பதுபோல இதையும் பார்க்க வேண்டும்.

தரகர் ஜூலையில் கூப்பிடுவார். புல்வெளி பச்சையாக இருக்கும். அப்போது முன்பணம் கொடுக்காதீர்கள். நவம்பரில், பனி விழுந்த மறுநாள் காலையில் போங்கள். குளம்புத் தடம் தெரிந்தால் விலை பேசலாம்.