பெயர் சொல்லி அழைக்கும் குரல்



எழுத்தாளர் சுஜாதா 1980களில் ஆனந்த விகடனில் எழுதிய 'என் இனிய இயந்திரா' என்ற அறிவியல் கதையை நம்மில் பலர் வாசித்திருப்போம். ஜீனோ என்ற இயந்திர நாயை மறக்க முடியுமா? நாட்டையே ஆளும் ஜீவா, உண்மையில் ஓர் ஆளே அல்ல, ஒளியால் காட்டப்படும் உருவம் என்பது அக்கதையில் பின்னர்தான் தெரியவரும்.

அன்று அது கற்பனை. 2024இல் வெளிவந்த 'லால் சலாம்' படப் பாடலிலோ, மறைந்த பாடகர்கள் பம்பா பாக்யா, சாகுல் ஹமீது இருவரின் குரல்களையும், குடும்பத்தாரின் அனுமதியோடு, செயற்கை நுண்ணறிவின் துணையால் ஏ.ஆர். ரகுமான் ஒலிக்கச் செய்தார்.

கல்லறைத் திருநாளன்று, நம் சங்கரன்கோவில் பிச்சிப்பூ மாலையைக் கணவரின் கல்லறையில் வைத்துவிட்டு, ஒரு தாய் நம்மிடம் வந்தார். "சாமி, அவுக குரல போன்ல பேச வைக்கலாம்னு மவன் சொல்லுதான். கேட்டா பாவமா?" என்றார். கணவர் திடீரென இறந்த நாளன்று காலையில் இருவருக்கும் சண்டை. 'மன்னிச்சிட்டேன்' என்ற ஒரு சொல்லைக் கேட்க வேண்டும். அவ்வளவுதான் அவரது ஏக்கம்.

அன்பார்ந்தவர்களே, இறந்தவரின் புகைப்படத்தை வைத்திருப்பது போல, அவர் பேசிய பதிவைக் கேட்பதில் தவறில்லை. ஆனால் இயந்திரம் புதிதாகப் பேசும் சொல் அவருடையதன்று. மகன் எதைக் கேட்டாலும் அது சொல்லும். 'மன்னித்தேன்' என்றும் சொல்லும், 'மன்னிக்கமாட்டேன்' என்றும் சொல்லும். மன்னிப்பதற்கு ஓர் ஆள் வேண்டும்.

கல்லறைத் தோட்டத்தில் அழுதுகொண்டு நின்ற மகதலா மரியாவை நினைத்துப் பாருங்கள். உயிர்த்த ஆண்டவரைத் தோட்டக்காரர் என்றே அவர் எண்ணினார். ஆண்டவர் பெயர் சொல்லி அழைத்ததும் அறிந்துகொண்டார். அந்தக் குரலை மரியா உருவாக்கவில்லை. அது அவரைத் தேடி வந்தது. இறந்தோரை நாம் எழுப்புவதில்லை. அவர்களைப் பெயர் சொல்லி அழைப்பவர் ஒருவர் இருக்கிறார். இதுவே நமது உயிர்ப்பின் நம்பிக்கை.

அந்தத் தாயிடம் நாம் சொன்னது இதுதான்: "அம்மா, புனிதர்களுடைய சமூக உறவை நம்புகிறோம். திருப்பலியில் இறந்தோரை நினைவுகூரும்போது, சொல்ல நினைத்ததை அவரிடம் சொல்லுங்கள். ஆண்டவரின் கையில் இருப்பவருக்கு அது எட்டாமல் போகாது." அவர் கொஞ்ச நேரம் அழுதார், பிறகு கணவர் பெயருக்குத் திருப்பலிக் கருத்து எழுதிக் கொடுத்துவிட்டுப் போனார்.

இன்று காலையில் நம் வீட்டிலும் யாரேனும் கோபத்தோடு வெளியே போயிருக்கலாம். அவர் திரும்பி வந்ததும், உயிருள்ள நம் குரலிலேயே பேசுவோம். ஆமென்.