இறம்பொடை ஏற்றத்தில் ஒரு பயிற்சி



கம்பளையிலிருந்து நுவரெலியாவுக்குச் செல்லும் பெருவீதியில், புசல்லாவையைக் கடந்து வருவோர் இறம்பொடையில் சற்றுத் தரித்து நிற்பது வழக்கம். 109 மீற்றர் உயரத்திலிருந்து விழும் அருவியைப் பார்ப்பதற்காகவே அவர்கள் நிற்கின்றார்கள். அங்கேயே வாழ்கின்ற எங்களுக்கோ அருவி பழகிப்போய்விட்டது. எங்கள் கண்ணில் படுவது வீதியின் ஏற்றந்தான். இறம்பொடையைவிட நுவரெலியா நகர் ஏறக்குறைய 900 மீற்றர் உயரத்தில் இருக்கின்றது. அந்த ஏற்றத்தில் ஒருவன் துவிச்சக்கரவண்டி மிதிக்கக் கண்டால், 'பாவம், பஸ்ஸைத் தவறவிட்டான்' என்றுதான் நாங்கள் நினைப்போம்.

என்னிடம் உடற்கல்வி பயின்ற இளைஞன் ஒருவன் நாள்தோறும் அவ்வாறு மிதிக்கின்றான். இறம்பொடையில் வீடு, ஒன்பது கிலோமீற்றருக்கு மேலே ஒரு தேயிலைத் தொழிற்சாலையில் வேலை. 2022ஆம் ஆண்டு எரிபொருள் தட்டுப்பாடு வந்து பஸ்கள் குறைந்தபோது, மாமனாரின் பழைய வண்டியை எடுத்தவன், தட்டுப்பாடு நீங்கிய பின்னும் அதை விடவில்லை. சென்ற ஆண்டு ஒருநாள் என் வீட்டு வாசலில் வண்டியைச் சாத்திவிட்டு, "சேர், நான் தினமும் சைக்கிளில்தான் வேலைக்குப் போய் வருகிறேன். ட்ரையத்லன் போட்டிக்கு இந்தப் பயிற்சி போதாதா?" என்று கேட்டான். அவனுக்கு நான் அன்று சொன்ன விடையையும், சொல்லத் தவறி அனுபவத்தால் அறிந்தவற்றையும் உங்களோடு பகிர்ந்துகொள்வதே இன்றைய பேச்சின் நோக்கம்.

ட்ரையத்லன் என்பதை முப்போட்டி எனலாம். முதலில் நீந்த வேண்டும், கரையேறியதும் துவிச்சக்கரவண்டி, அதிலிருந்து இறங்கியதும் ஓட்டம். இடையிலே இளைப்பாறுதல் கிடையாது. உடை மாற்றும் நேரமும் கணக்கிலே சேரும். 1974இல் அமெரிக்காவின் சன் டியாகோ நகரில் தோன்றிய இவ்விளையாட்டு, 2000ஆம் ஆண்டு சிட்னியில் ஒலிம்பிக் விழாவில் இடம்பெற்றது. அங்கே நீச்சல் ஒன்றரைக் கிலோமீற்றர், வண்டி 40, ஓட்டம் 10. 1978இல் ஹவாய்த் தீவிலே தொடங்கிய நெடும்போட்டியோ, ஏறக்குறைய 4 கிலோமீற்றர் நீந்தி, 180 கிலோமீற்றர் மிதித்து, ஒரு முழு மரதனும் ஓடுவது. முதலாண்டில் புறப்பட்ட 15 பேரில் 12 பேர் முடித்தனர். அதிற் பாதித் தூரங் கொண்ட போட்டி 2018இல் நம் கொழும்பிலும் நடந்தது. என் மாணவன் மனத்தில் விதை விழுந்தது அந்தப் படங்களைப் பார்த்துத்தான்.

தமிழருக்கு இது முற்றிலும் அந்நியமான ஆசை என்று சொல்லிவிட முடியாது. வல்வெட்டித்துறை தந்த ஆழிக்குமரன் ஆனந்தன் 1971இல் பாக்குநீரிணையை அக்கரைக்கும் இக்கரைக்குமாக நீந்தினார். 1979இல் கொழும்பு விகாரமகாதேவிப் பூங்காவைச் சுற்றி 187 மணி நேரத்துக்கு மேலாக நில்லாமல் வண்டி மிதித்தார். இரண்டு வித்தைகள் ஓருடலில் அமைந்திருந்தன. ஆனால் அவர் கடலருகே பிறந்தவர். இந்த வேறுபாட்டுக்குப் பின்னர் வருகிறேன்.

முதலில் ஏற்றம். ஆளும் வண்டியுமாக 80 கிலோ என்று கொள்வோம். அவனுடைய ஒன்பது கிலோமீற்றரிலே ஏறும் உயரம் ஏறக்குறைய 450 மீற்றர். அந்தப் பாரத்தை அவ்வளவு உயர்த்தும் வேலை, ஒரு லீற்றர் குளிர்ந்த நீரைக் கேத்தலில் ஊற்றிக் கொதிக்க வைக்கும் வெப்பத்துக்குச் சமம். நமது உடலோ, செலவழிக்கும் ஆற்றலில் ஏறக்குறைய காற்பங்கையே வேலையாக மாற்றவல்லது. எனவே உள்ளே செலவாவது நான்கு கேத்தல். சமதரையில் மிதிப்பவன் நினைத்தால் சும்மா இருந்து வண்டியை ஓடவிடலாம். ஏற்றத்தில் அது நடவாது. ஒரு மணி நேரம் இதயமும் நுரையீரலும் இடையறாது உழைக்கின்றன. இதைவிடச் சிறந்த பயிற்சியைக் காசு கொடுத்தும் பெற முடியாது.

அப்படியிருந்தும் அவன் மெலிந்தான், முழங்கால் வலியென்றான். விசாரித்ததில் உண்மை வெளிப்பட்டது. ஒவ்வொரு காலையும் பஸ்ஸோடு போட்டியிட்டிருக்கிறான்! வெறுந் தேநீரைக் குடித்துவிட்டு ஐந்தரைக்குப் புறப்பட்டு, முழு மூச்சோடு ஏறி, எட்டு மணி நேரம் நின்று வேலை செய்திருக்கிறான். பயிற்சியால் உடல் தேறுவது உழைக்கும்போதன்று. உழைத்தபின் உண்டு உறங்கும்போது. வாரத்தில் இரண்டு நாள் மட்டும் விரைந்து ஏறு. மற்ற நாட்களில், பக்கத்தில் ஒருவன் வந்தால் அவனோடு முழு வாக்கியமாகப் பேசக்கூடிய வேகத்தில் போ என்றேன். இரண்டு ரொட்டி தின்னாமல் வண்டியைத் தொடாதே என்றும் சொன்னேன். முழங்காலுக்குக் காரணம் வண்டியின் ஒற்றைப் பல்லிணை. காலை மெதுவாகவும் பாரமாகவும் ஊன்றுவது மூட்டைத் தின்றுவிடும். இலேசாகவும் விரைவாகவும் சுழற்றவேண்டும். கண்டியில் பழைய சாமான் கடையொன்றில் கியர்ச் சக்கரங்கள் அகப்பட்டன. ஒரு மாதத்தில் வலி நீங்கியது.

இனி இறக்கம். இதைப் பற்றித்தான் நான் அதிகம் சொல்ல விரும்புகிறேன். மாலையில் இருபது நிமிடத்தில் வீடு வந்துவிடுகிறான். கால்களுக்கு அதிலே பயிற்சி ஒன்றுமில்லை. ஆனால் காலையில் ஏற்றிவைத்த அந்த ஒரு கேத்தல் வெப்பம் எங்கே போகும்? ஒரு பங்கைக் காற்று வாங்கிக்கொள்ளும்; எஞ்சியதில் பெரும்பகுதி பிறேக் கட்டைகளிலும் சக்கர விளிம்பிலும் இறங்கும். பிறேக்கைத் தொடர்ந்து அழுத்திக்கொண்டே வருபவனின் விளிம்பு கை சுடுமளவு சூடேறி, உள்ளே ரியூப் வெடிப்பதுமுண்டு. நேரான துண்டில் வண்டியை ஓடவிட்டு, வளைவுக்கு முன்பே இரு பிறேக்குகளையும் அழுத்தி வேகத்தைக் கொன்று, வளைவுக்குள் கையைத் தளர்த்த வேண்டும். மழை நாளில் முதலில் பிடிக்கும் பிடி விளிம்பிலுள்ள நீரைத் துடைக்க மட்டுமே உதவும். வேகம் குறைவது அதற்குப் பின்னர்தான். ஆகவே முன்கூட்டியே தொட்டுப் பார்த்துக்கொள்ள வேண்டும். சுரங்கவழிக்குள் நுழையுமுன் விளக்கை ஏற்று. பின்னால் வரும் லொறிக்கு நீ தெரிகிறாய் என்று நம்பிவிடாதே.

2025ஆம் ஆண்டு மே மாதம் 11ஆம் நாள் விடியற்காலையில், இதே வீதியின் கெரண்டி எல்ல வளைவில் பஸ்ஸொன்று பள்ளத்தில் வீழ்ந்து இருபதுக்கு மேற்பட்டோர் மாண்டதை நாங்கள் மறக்கவில்லை. என் மாணவன் அன்று அந்த இடத்திற்குப் போய்த் தூக்குவதற்குக் கைகொடுத்தவர்களில் ஒருவன். அதற்குப் பின் இறக்கத்தில் வேகத்தை நிமிடக் கணக்கில் அவன் என்னிடம் சொல்வதில்லை.

ஓட்டத்துக்கு வழி எளிது. வீட்டு வாசலில் வண்டியைச் சாத்தியதும், தேநீர்க் கோப்பையைத் தேடாமல், அப்படியே பத்து நிமிடம் ஓட வேண்டும். முதல் நாள், 'கால் என்னுடையதாகவே இல்லை' என்றான். உட்கார்ந்து சுழற்றிய தசைகள் நின்று ஓடப் பழகுவதற்குச் சில வாரம் பிடிக்கும்.

ஆனால் நீச்சலுக்கு என் மாணவனின் வீதி எவ்வகையிலும் உதவாது. மலையெங்கும் நீர் ஓடுகின்றது. கீழே 1985இல் நிறைவுற்ற கொத்மலை நீர்த்தேக்கம் விரிந்து கிடக்கின்றது. எனினும் எங்கள் லயங்களில் வளர்ந்த பிள்ளைகளில் நீந்தத் தெரிந்தவர்களை விரல்விட்டு எண்ணிவிடலாம். அருவித் தடாகத்தில் பாறையும் சுழியும். நீர்த்தேக்கத்தில் திடீரென ஆழ்ந்துபோகும் கரையும் ஏறியிறங்கும் நீர்மட்டமும். கற்றுக்கொள்ளும் இடங்கள் அவை அல்ல. "நீர்த்தேக்கத்தில் ஓரமாகப் பழகட்டுமா சேர்?" என்று அவன் கேட்டபோது, என் ஆயுளில் நான் அவனைக் கடிந்துகொண்டது அந்த ஒருமுறைதான். இருபத்தைந்து ஆண்டுகள் உடற்கல்வி கற்பித்த நான், ஒரு பிள்ளையையேனும் நீருக்குள் இறக்கிக் கற்பித்ததில்லை என்பது அப்போதுதான் எனக்கு உறைத்தது.

ஞாயிறுதோறும் பஸ் ஏறிக் கண்டிக்குப் போகிறான். பஸ் கட்டணமும் நீச்சற் குளத்துக் கட்டணமும் சேர்ந்து ஒருநாட் சம்பளத்தை விழுங்கிவிடுகின்றன. ஆறு மாதத்தில் நிற்காமல் இருநூறு மீற்றர் நீந்தப் பழகியிருக்கிறான். ஒலிம்பிக் தூரத்தை இப்போது நினைக்காதே. அதிற் பாதியான 750 மீற்றர் நீச்சலும் 20 கிலோமீற்றர் வண்டியும் 5 கிலோமீற்றர் ஓட்டமுமுள்ள சிறிய போட்டிக்கே முதலில் பெயர் கொடு என்று சொல்லியிருக்கிறேன். அதற்கும் இன்னும் ஓராண்டு ஆகலாம்.

சென்ற மாதம் முதல் அவனோடு இரண்டு சிறுவர்களும் போகிறார்கள். அவர்களுடைய கட்டணத்தைத் தொழிற்சாலைத் தோழர்கள் ஆளுக்குக் கொஞ்சமாகப் போட்டுக் கொடுக்கிறார்கள். வருகிற ஞாயிற்றுக்கிழமை அவர்களோடு நானும் போகவிருக்கிறேன். எனக்கும் நீந்தத் தெரியாது.